பி. சக்தி, கோவில்பட்டி

உக்காருங்க அண்ணாச்சி. ராஜபாளையத்துலருந்து இந்த வெயில்ல வந்திருக்கிய, மொதல்ல தண்ணி குடிங்க. வண்டி எங்கயும் ஓடிறாது. அந்தா, சன்னலுக்குக் கீழ நிக்கு பாருங்க, அதான். தொட்டுப் பாருங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒரிஜினல் ஹம்பர் சைக்கிளு. முன்சக்கரத்தப் பிடிச்சிருக்க போர்க்கு ரெண்டு பக்கமும் ரெட்டைக் குழாயா இருக்குல்லா? அத வச்சே சொல்லிரலாம். பல்சக்கரத்துல அஞ்சு ஆளு உருவம் வெட்டியிருக்கும், குனிஞ்சு பாருங்க. எண்ணிட்டியளா? அஞ்சு.

ஆனா விலை பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிரணும் அண்ணாச்சி. இதுல இருக்க சாமான்ல பாதிய நான் ரெண்டு தடவ வாங்கியிருக்கேன். ரெண்டு பெல்லு, ரெண்டு விளக்குன்னு இல்ல. ஒரே பெல்ல ரெண்டு தடவ. எப்படின்னு கேக்கியளா? உள்ளூர்ல யாருகிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பான். நீங்க வெளியூரு, சிரிக்கணும்னா ராஜபாளையத்துல போயி சிரிச்சுக்கிடுங்க.

எம்பேரு குற்றாலிங்கம். மின்வாரியத்துல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். பத்து வருஷத்துக்கு முன்னால தென்காசியில ஒரு பழைய இரும்புக் கடையில இந்த பிரேம் மட்டும் கிடந்துச்சு. வீலு இல்ல, சீட்டு இல்ல, ஒண்ணுமில்ல. அன்னைக்குப் பிடிச்சது. இதுக்குச் சேர வேண்டிய ஒவ்வொரு சாமானையும் அசலாத் தேடிப் போடணும்னு ஒரு வைராக்கியம். அசல்னா அசல். நேத்து செஞ்ச டூப்பு ஒரு திருகாணி கூட ஏறக்கூடாது.

மொதல்ல ஊர் ஊராப் போனேன். அம்பாசமுத்திரத்துல ஒரு வாத்தியார் செத்துப் போயி, அவரு சைக்கிள் பின்கட்டுல நிக்குன்னு கேள்விப்பட்டு, பதினாறாம் நாள் முடியுமுன்னாடியே போயிட்டேன். அந்தம்மாட்ட "இதெல்லாம் எடைக்குத்தான் போகும்"னு சொல்லி, விளக்கையும் டைனமோவையும் கழட்டிட்டு வந்தேன். அது வேற விஷயம், வியாபாரம்னா அப்படித்தான். ஒண்ணு வேணும்னு போனா ஒம்பது கிடைக்கும், எதையும் விட மனசு வராது. பெட்டி பெட்டியாச் சேந்துச்சு. இந்த முன்ரூம் இருக்குல்லா, நீங்க உக்காந்திருக்கது, இதுல நடக்க எடமிருக்காது. பரண்லயும் அடுக்கியிருந்தேன். என் கையில வந்த சாமானுக்கெல்லாம் உள்பக்கமா ஆணியால 'கு'ன்னு ஒரு கீறல் போட்டுருவேன். எம்பேருல மொத எழுத்து. ஆபீஸ்ல டூல்ஸ் காணாமப் போகும்லா, அந்தப் பழக்கம்.

பொறவு இந்த போன் வந்துச்சு. பழைய சைக்கிள் சாமான் விக்கவும் வாங்கவும்னே குரூப்பு இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நானும் சேந்தேன். அண்ணாச்சி, அதுல நான் பட்ட பாடு இருக்கே. ஒருத்தன் பெல்லு அனுப்புனான். மூடி பளபளன்னு அசல். கழட்டிப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. கேட்டா, "போட்டோவுல மூடிதான சார் போட்டேன்"ங்கான். இன்னொருத்தன் புதுசாச் செஞ்ச பெடல உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, துருப்பிடிக்க வச்சு, எழுவது வருஷப் பழசுன்னு என் தலையில கட்டிட்டான். மனுஷன நம்பவே கூடாதுன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.

அப்பத்தான் சக்தி சார் வந்தாரு.

குரூப்புல ஒரு நாள் ஒரு பெல்லுப் படம். பேரு 'பி. சக்தி, கோவில்பட்டி'ன்னு இருந்துச்சு. படத்துக்குக் கீழ எழுதியிருந்தத இன்னைக்கும் அப்படியே சொல்லுவேன். "மூடியில ஒரு நெளிவு இருக்கு. மொத தடவ அழுத்தினா சத்தம் வராது, ரெண்டாவது தடவ வரும். எண்ணெய் போட்டா சரியாகலாம், ஆகாமலும் இருக்கலாம்." எந்த வியாபாரியாவது தன் சாமானப் பத்தி இப்படி எழுதுவானா? எனக்குக் கண்ணு கலங்கிட்டு. உடனே எழுதினேன், "சார், எனக்கு வேணும். சாப்டாச்சா சார்?"

ரொம்ப நேரம் பதிலு வரல. பொறவு "சாப்டேன். நீங்க?"ன்னு வந்துச்சு.

அந்தப் பெல்லு வந்துச்சு. சொன்ன மாதிரியே இருந்துச்சு. நெளிவு கூட அவரு சொன்ன எடத்துலயே. அதுலருந்து ஒண்ணொண்ணா வாங்கினேன். சீட்டுக்கு அடியில போடுற ஸ்பிரிங்கு, செயின் கவரு, பம்பு. போன் போட்டா எடுக்க மாட்டாரு. "எனக்குப் பேச வராது, எழுதுங்க"ன்னு எழுதுவாரு. திக்குவாயோ என்னமோ, சங்கடப்படுத்தக் கூடாதுன்னு நானும் விட்டுட்டேன்.

பதினாறு மாசம் அண்ணாச்சி. தினமும் எழுதுவோம். காலையில காப்பி குடிச்சதும் நான் ஆரம்பிப்பேன். அங்க மழையா சார், உடம்புக்கு எப்படி, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா. அவரும் கேப்பாரு. சாமான் விஷயத்துல அவருக்குத் தெரியாததே இல்ல. எந்த வருஷத்துச் சக்கரத்து ஹப்புல எண்ணெய் மூடி எங்க இருக்கும்னு நான் ஒண்ணு சொன்னா, அவரு ரெண்டு சொல்லுவாரு. எனக்கு அப்படியொரு சிநேகிதன் ஆபீஸ்ல கூட அமையல. மனசுல இருக்கதெல்லாம் கொட்டுவேன். எங்க வீட்டம்மாவுக்கு இதெல்லாம் ஒரு எழவும் புரியாது சார், பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிப்பா, நான் பத்து வருஷமாச் சொல்லிட்டே இருக்கேன், காதுல ஏறல, அப்படின்னு எழுதினேன். அதுக்கு அவரு, "அவங்ககிட்ட எதையாவது கேட்டுப் பாத்தியளா?"ன்னு எழுதினாரு. கேட்டு என்ன சார் ஆகப் போகுதுன்னேன்.

இன்னொரு தடவ, எங்க மச்சினன் மக கல்யாணத்துக்கு நான் போகாத கதையச் சொன்னேன். அன்னைக்குப் பாத்து ஒருத்தன் மட்கார்டு கொண்டு வாரேன்னு சொல்லியிருந்தான், நான் எப்படிப் போக? வீட்டம்மா தனியாப் போயிட்டு வந்தா. அவன் வரல, அது வேற. இத எழுதுனப் பொறவு சக்தி சார் மூணு நாளு பதிலே போடல. நாலாம் நாளு, "உடம்பு சரியில்ல. முழங்கால் வலி. படி ஏற முடியல"ன்னு எழுதினாரு.

பாவமா இருந்துச்சு. பக்கம் பக்கமா எழுதினேன். சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க, தரையில உக்காராதீங்க, கனமாத் தூக்காதீங்கன்னு. அதோட விடல. தென்காசியில ஒரு வைத்தியர் வீட்டுல தைலம் காச்சுவாங்க. பஸ் ஏறிப் போயி, வாங்கி, கூரியர்ல போட்டுவிட்டேன். ஒரு மனுஷனுக்காக இன்னொரு மனுஷன் செய்யுறதுதான. "வலி குறைஞ்சிருக்கு"ன்னு அவரு எழுதினப்போ எனக்கு அப்படியொரு நிம்மதி.

இதுக்கு நடுவுல வீட்டுல ஒரு பிரச்சினை. வீட்டம்மாவோட அக்கா, எனக்கு மதினி, புருஷன் போனப் பொறவு கோவில்பட்டியில தனியா இருந்தாவ. ஆமா, கோவில்பட்டிதான். கண்ணு மங்கிக்கிட்டே வந்துச்சு. "அக்காவ இங்க கூட்டிட்டு வந்து முன்ரூம்ல வச்சுக்கிடுவோம்"னா இவ. நான், சாமானையெல்லாம் எங்க வைக்கன்னு கேட்டேன். நியாயமான கேள்விதான? அவ ரெண்டு தடவ கேட்டா, மூணாந்தடவ கேக்கல. வாரா வாரம் வியாழக்கிழமை பஸ்ல போயி அக்காவப் பாத்துட்டு வர ஆரம்பிச்சா. நான் தடுக்கல. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவ பைய நானே தூக்கிட்டுப் போனேன்னா பாத்துக்கிடுங்க. என்னட்டி இவ்வளவு கனம்னு கேட்டேன். அக்காவுக்கு அரிசின்னா.

சரி, விஷயத்துக்கு வாரேன். இந்த சித்திரையில சக்தி சார்ட்டருந்து ஒரு விளக்கு வந்துச்சு. இந்த வண்டிக்குப் போட வேண்டிய கடைசிச் சாமான். அதோட வண்டி முழுசு. கண்ணாடியக் கழட்டித் துடைக்கப் போறேன், உள்ள வெள்ளித் தகடு மாதிரி ஒரு கிண்ணம் இருக்கும்லா, அதுக்குப் பின்னால 'கு'ன்னு இருக்கு.

என் கையெழுத்து. என் ஆணிக் கீறல்.

எந்தப் பெட்டியில போட்டேன்னே மறந்துபோன அம்பாசமுத்திரத்து வாத்தியார் வீட்டு விளக்கு அது. என் வீட்டுப் பரண்ல இருந்து யாரோ திருடி, சக்தி சார்ட்ட வித்து, அவரு தெரியாம எங்கிட்டயே வித்துட்டாருன்னு மொதல்ல நினைச்சேன். அப்பவும் அவரச் சந்தேகப்படல பாருங்க. ஏணி போட்டு ஏறி ஒரு பெட்டியத் தொறந்தேன். உள்ள சிரட்டை. தேங்காய்ச் சிரட்டை அண்ணாச்சி. அடுத்த பெட்டி, சிரட்டையும் பழைய பேப்பரும். இருவத்திரெண்டு பெட்டி. பதினாலுல சிரட்டை. முன்னால வாங்குன பெல்லு, பம்பு எல்லாத்தையும் எடுத்து உள்பக்கம் பாத்தேன். 'கு' இருக்க வேண்டிய எடத்துல உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்கு. அப்பத்தான் புரிஞ்சுது. அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. இவ்வளவு நாளு பேசிப் பழகி, உடம்புக்கு எப்படின்னு கேட்டு, என் சாமானையே எனக்கு வித்திருக்கான் மனுஷன்.

சட்டையப் போட்டுக்கிட்டு கெளம்பிட்டேன். கூரியர் சீட்டுல விலாசம் இருக்கு. வீட்டம்மாட்ட, கோவில்பட்டியில ஒரு திருடன் இருக்கான், பிடிச்சுட்டு வாரேன்னேன். அவ அடுப்படியில நின்னா. திரும்பிப் பாத்தா. "சாப்ட்டுட்டுப் போங்க"ன்னா.

விலாசம் ஒரு சந்துக்குள்ள. சின்ன வீடு. கதவத் தட்டினேன். தொறந்தது யாருன்னு நினைக்கிய? மதினி. எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி அது அவங்க வீடுன்னு? நான் அங்க போனதே இல்லலா. புருஷன் இருந்தப்போ அவங்க வேற தெருவுல இருந்தாவ.

மதினி என் முகத்துக்குப் பக்கத்துல வந்து பாத்தாவ. கண்ணு அவ்வளவுக்கு மோசம்னு அன்னைக்குத்தான் தெரியும். "யாரு?"ன்னாவ.

"நாந்தான் மதினி, குற்றாலிங்கம். இங்க சக்தின்னு ஒரு ஆளு..."

"குரல் இப்பத்தான் தெரியுது. உள்ள வாங்க தம்பி. சக்தி உங்க வீட்டுலதான இருக்கா"ன்னாவ.

எங்க வீட்டம்மா பேரு பிரம்மசக்தி. கல்யாணப் பத்திரிகையில பாத்தது. வீட்டுல 'ஏட்டி'ன்னுதான் கூப்பிடுதது, பேரு யாருக்கு ஞாபகம் வரும்? அந்த நம்பரும் மதினி போனோடது, கண்ணு தெரியலன்னு அவங்க குடுத்தத இவ சத்தத்த அணைச்சு வீட்டுலயே வச்சிருந்திருக்கா.

உள்ள ஒரு மர அலமாரி. அதுல என் சாமான். ஒவ்வொண்ணும் வெள்ளைத் துணியில சுத்தி, மேல ஒரு சீட்டுக் குத்தி, அவ கையெழுத்துல குறை எழுதியிருக்கு. 'ஓரத்துல வெடிப்பு', 'மரை தேஞ்சிருக்கு', 'இது ஹம்பர் இல்ல, வேற கம்பெனி'. என் பெட்டியில கிடந்தப்போ அதுகளுக்கு இவ்வளவு மரியாதை இல்ல, அத ஒத்துக்கிடணும். கீழ்த்தட்டுல என் தைலப் புட்டி நின்னுச்சு. பாதி காலி. என் காசுல, நான் பஸ் ஏறிப் போயி வாங்குன தைலத்த எங்கிட்டருந்தே வாங்கித் தேச்சிருக்கா பாருங்க. முழங்கால் வலின்னு வீட்டுல ஒரு வார்த்தை சொன்னாளா? வலி இருந்தா நடையில தெரியாதா? எனக்கு ஒண்ணும் தெரியல.

மதினி காப்பி போட எந்திரிச்சாவ. அடுப்பப் பத்த வைக்க தீப்பெட்டியத் தடவித் தடவி எடுக்காவ. வேண்டாம் மதினின்னு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் விளக்க அவ முன்னால வச்சேன். அவ அழல, மறைக்கவும் இல்ல. பாங்கு பாஸ்புக்க எடுத்து வந்து விளக்குப் பக்கத்துல வச்சா. "வித்த காசு பூரா அதுல இருக்கு. தொடல"ன்னா.

"காச யாரு கேட்டா? இது திருட்டு இல்லையா?"

"திருட்டுதான். பெட்டியெல்லாம் காலியாயிட்டா ஒரு நாளு எடுத்து வெளிய போட்டுட்டு, அக்காவக் கூட்டிட்டு வந்திரலாம்னு நினைச்சேன். நீங்க பெட்டியத் தொறந்து பாத்து நாலு வருஷமாச்சு."

"எனக்கே எதுக்கு வித்த?"

அவ பாஸ்புக்க ஓரமாத் தள்ளி வச்சா. பொறவு சொன்னா, "நீங்க வந்து கேப்பியன்னு நான் நினைக்கல. உங்க பேரப் பாத்ததும் பயந்துட்டேன். வித்துப் போச்சுன்னு எழுதத்தான் உக்காந்தேன். நீங்க சாப்டாச்சான்னு கேட்டிருந்திய."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. சாப்டேன்னு எழுதினேன்."

நான் கேட்டது திருட்டப் பத்தி. அவ சொல்லுதது சாப்பாட்டப் பத்தி. இதுதான் அண்ணாச்சி, இந்தப் பொம்பளைங்ககிட்ட ஒரு விஷயத்தப் பேச முடியாது. எனக்கு வந்த கோவத்துல, நீ என் சாமானத் திருடினதக் கூட விட்டுருவேன், எனக்குன்னு இருந்த ஒரே ஒரு சிநேகிதன இல்லாம ஆக்கிட்டியேன்னு கத்திட்டேன். "இல்லாம ஆகல, இங்கதான இருக்கேன்"னு மெதுவாச் சொன்னா. நான் சக்தியப் பத்திப் பேசுதேன், உன்னையப் பத்தி யாரு பேசுனான்னேன்.

மறுநாளு வியாழக்கிழமை. பையத் தூக்கிட்டுப் போனா. சாயங்காலம் வரல. ரெண்டு நாளு கழிச்சு மதினி வீட்டுப் பக்கத்துக் கடைக்காரர்ட்ட சொல்லிவிட்டா, அங்கயே இருக்கேன்னு. நாப்பது நாளுக்கு மேல ஆச்சு.

நான் கூப்பிடப் போகல. நான் எதுக்குப் போகணும்? ஏமாந்தது நானு. ராத்திரி சோறு வடிக்கும்போது, இந்த அநியாயத்த யாருகிட்டயாவது சொல்லணும்னு தோணும். யாருகிட்ட சொல்லலாம்னு யோசிச்சா மொதல்ல சக்தி சார் ஞாபகம்தான் வரும். போன எடுத்துருவேன். பொறவு கீழ வச்சிருவேன். இதவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு உண்டா சொல்லுங்க. பழைய எழுத்தையெல்லாம் மேல தள்ளித் தள்ளிப் படிச்சேன், எங்கெங்க ஏமாத்தியிருக்கான்னு கண்டுபிடிக்கலாம்னு. பதினாறு மாசத்தையும் படிச்சு முடிக்க நாலு நாளு ஆச்சு. ஒரு பொய் கூட இல்ல அண்ணாச்சி. பேரு கூட அவ பேருதான். ஆம்பளைன்னு அவ எங்கயும் எழுதல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒரு பொய்யாவது இருந்தா காட்டிக் கேட்டிருக்கலாம்.

சரி, வெறுத்துப் போச்சு. இந்தச் சாமான் சகவாசமே வேண்டாம்னு எல்லாத்தையும் வித்துட்டேன். ஒவ்வொண்ணுலயும் உள்ள குறைய எழுதித்தான் வித்தேன். அம்பாசமுத்திரத்து விளக்க மட்டும் அந்த வாத்தியார் வீட்டுலயே கொண்டு குடுத்துட்டேன். அதுக்குப் பதிலா வண்டியில டூப்பு விளக்குதான் மாட்டியிருக்கு, பாத்தியளா, அதையும் சொல்லிட்டேன், பொறவு குத்தம் சொல்லாதீங்க. ரூம் காலியாக் கெடந்தா பூச்சி வரும்னு வெள்ளை அடிச்சேன். பரண்ல கிடந்த கட்டில இறக்கிப் போட்டேன். கக்கூசுக்குப் போற வழியில பிடிச்சுக்கிட்டு நடக்க ஒரு கம்பி அடிச்சிருக்கேன், அது எனக்கு. எனக்கும் வயசாகுதுல்லா.

மிச்சம் இருந்தது இந்த ஹம்பர்தான். போன வாரம் குரூப்புல படம் போட்டேன். நீங்க பாத்துட்டுக் கூப்பிட்டிய, வாங்கன்னு சொன்னேன். அது வாஸ்தவம். ஆனா இன்னைக்குக் காலையில நீங்க பஸ் ஏறினப் பொறவு ஒரு மெசேஜு. வேற ஒரு பார்ட்டி. இந்தா, நீங்களே படிங்க. 'பி. சக்தி, கோவில்பட்டி. ஹம்பர் படம் பாத்தேன். வித்துட்டியளா? இல்லன்னா வியாழக்கிழமை நானும் அக்காவும் நேர்ல வந்து பாக்கலாமா?'

அதனால வண்டிய இன்னைக்குக் குடுக்க முடியாது அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. மொதல்ல கேட்டது நீங்கதான், நியாயம் உங்க பக்கம்தான். பஸ்ஸுக்கு உள்ளத நான் தந்திருதேன். சமையலும் முடிச்சிட்டேன், ஒரு வாய் சாப்ட்டுட்டுத்தான் போகணும். இதுக்காக அவள மன்னிச்சிட்டேன்னு நினைச்சிராதீங்க. செஞ்சது துரோகம். அத நேர்ல வந்ததும் கேக்கத்தான் போறேன். கேட்டுட்டு, பொறவு முழங்கால் எப்படி இருக்குன்னும் கேக்கணும், அந்தத் தைலம் இந்நேரம் தீந்திருக்கும்.

என்ன பதில் போட்டேன்னு பாக்கியளா? எழுதி எழுதி அழிச்சு ஒரு மணி நேரம் போச்சு. கீழ தள்ளுங்க, இருக்கும். 'வாங்க.' அவ்வளவுதான்.

என்ன சிரிக்கிய? ரெண்டு பேரு வாராவல்லா, மதினியும் கூட வாராவ, அதனால 'வாங்க'ன்னு போட்டேன். அவ மட்டும்னா 'வா'ன்னுதான் போட்டிருப்பேன்.